பழைய தமிழ் நூல்களை மின்னாக்கும் பணி: உரிமையைக் கணக்கிடுவது முதல் புள்ளியைக் காப்பாற்றுவது வரை

மின்னாக்கத்துக்கு ஒரு பழைய நூல் கைக்கு வந்ததும் நாங்கள் முதலில் செய்வது, அதில் அச்சாகியிருக்கும் பெயர்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்வதுதான். நூலாசிரியர், பதிப்பாசிரியர், உரை எழுதியவர், மொழிபெயர்த்தவர், முன்னுரையும் அணிந்துரையும் தந்தவர்கள், படம் வரைந்தவர், புகைப்படம் எடுத்தவர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் மறைந்த ஆண்டை நிரப்ப வேண்டும். நிரம்பாத பெயர் ஒன்று இருந்தாலும் அந்த நூல் இணையத்துக்குப் போகாது. தாள் பொடியும் நிலையில் இருந்தால் மட்டும் ஸ்கேன் முதலில் நடக்கும்; கோப்பு வன்தட்டில் காத்திருக்கும்.

இந்த ஒழுங்கு இல்லாத இடங்களில் இரண்டு வகையான இழப்பு நேர்கிறது. பதிப்புரிமை எப்போதோ முடிந்துபோன நூல்களை, "எதற்கு வம்பு" என்ற பயத்தில் அலமாரியிலேயே விட்டுவிடுகிறார்கள்; கறையானும் ஈரமும் அவற்றை முடித்துவிடுகின்றன. இன்னொரு பக்கம், உரிமை உள்ள நூலை ஆர்வத்தில் ஏற்றிவிட்டு, புகார் வந்ததும் மொத்தத் தொகுப்பையும் நீக்க வேண்டியதாகிறது. சட்டம் நம்மில் பலர் நினைப்பதைவிட அதிகமாகவே இடம் கொடுக்கிறது. அதைச் சரியாக எண்ணத் தெரிந்தால் இரண்டு இழப்பையும் தவிர்க்கலாம்.

எந்த நூலை எடுப்பது என்பதும் தொடக்கத்திலேயே முடிவாக வேண்டும். ஏற்கெனவே மின்னூல்களைத் தரும் இடங்கள் பல உண்டு. மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியது. ஈழத்து எழுத்துகளுக்காக 2005-இல் நூலகம் திட்டம் வந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவை சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் தமிழ் விக்கிமூலமும் இருக்கின்றன. இவற்றோடு இன்டர்நெட் ஆர்க்கைவிலும் தேடிப் பார்த்துவிட்டு, எங்கும் இல்லாததை எடுப்பதே நல்லது. பெரிய பெயர்கள் பலமுறை ஏறிவிட்டன. ஏறாமல் கிடப்பவை வேறு: சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிந்துகள், பெரிய எழுத்துக் கதைகள், இஸ்லாமியரின் கிஸ்ஸா என்ற கதைப்பாட்டுகளும் முனாஜாத்து என்ற வேண்டுதல் பாட்டுகளும், தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் அச்சுகள், சிற்றூர் சங்கங்களின் ஆண்டு மலர்கள், சாதிச் சங்கப் பத்திரிகைகள், மலையகத் தோட்டங்களில் அச்சான பாட்டுப் புத்தகங்கள். இவற்றுக்கு மறுபதிப்பு வரப்போவதில்லை. இருக்கும் ஒரு பிரதி போனால் அதோடு முடிந்தது.

அறுபது ஆண்டை எண்ணும் விதம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, எழுத்தாளர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் உரிமை நீடிக்கும். எண்ணிக்கை மறைந்த நாளிலிருந்து தொடங்காது. மறுஆண்டு சனவரி 1-இல் தொடங்கும். புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார். 1949 சனவரியிலிருந்து 60 ஆண்டு எண்ணினால் 2008 இறுதியில் முடிகிறது. 2009 சனவரி 1 முதல் அவர் எழுத்து பொதுச்சொத்து; யாரும் அனுமதி கேட்காமல் வெளியிடலாம். கல்கி மறைந்தது 1954 டிசம்பர்; 2015 சனவரி முதல் பொது. ஜீவா மறைந்தது 1963. 2024 முதல் பொது. மறைந்த ஆண்டோடு 61-ஐக் கூட்டினால் கிடைக்கும் ஆண்டின் முதல் நாள் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் பிழை வராது.

நூல் வெளிவந்த ஆண்டை வைத்து எண்ணுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 1935-இல் அச்சான நூல் என்பதால் மட்டும் அது பொதுவாகிவிடாது. ஆசிரியர் 1980 வரை வாழ்ந்திருந்தால் 2040 இறுதிவரை உரிமை உண்டு. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக மறைந்தவரைக் கொண்டு எண்ண வேண்டும்.

வெளியான ஆண்டு கணக்கில் வரும் இடங்களும் உண்டு. பெயரில்லாமலோ, யாரென்று தெரியாத புனைபெயரிலோ வந்த நூலுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு. அந்தக் காலத்துக்குள் எழுதியவர் யாரென்று வெளிப்பட்டுவிட்டால் கணக்கு அவர் வாழ்நாளுக்கு மாறும். ஆசிரியர் மறைவுக்குப் பின் முதன்முதலாக அச்சேறிய நாட்குறிப்பு, கடிதம் போன்றவற்றுக்கும் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுதான். 1940-இல் மறைந்தவரின் கையெழுத்துப் பிரதியைக் குடும்பத்தார் 1990-இல் நூலாக்கியிருந்தால், அது 2050 இறுதிவரை காக்கப்பட்டிருக்கும். அரசு வெளியீடுகளுக்கும் இதே கணக்கு. சட்டமன்றம் இயற்றிய சட்டங்களை, விளக்கவுரையோ வேறு சொந்த எழுத்தோ சேர்த்து வெளியிடலாம். நீதிமன்றத் தீர்ப்புகளை, நீதிமன்றமே தடுத்திருந்தால் ஒழிய, எடுத்து வெளியிடலாம்.

புகைப்படத்தில் கவனம் தேவை. 2012 திருத்தத்துக்கு முன் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு என்றிருந்தது, அதன்பின் எடுத்தவரின் வாழ்நாளும் 60 ஆண்டும் என்றாகிவிட்டது. திருத்தத்துக்கு முன்பே முடிந்த உரிமை மீண்டும் உயிர்பெறவில்லை. ஆகவே 1951-க்குள் அச்சில் வெளிவந்த படங்களைத் தயங்காமல் சேர்க்கலாம்.

வெளியீட்டு ஆண்டைக் கண்டுபிடிப்பது தமிழ் நூலில் தனி வேலை. பழைய தலைப்புப் பக்கங்களில் "பிரபவ வருஷம் தை மாதம்" என்று மட்டும் இருக்கும். பிரபவ 1867, 1927, 1987 என்று அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். எந்தச் சுற்று என்பதை அச்சகத்தின் பெயர், விலை குறித்த விதம், எழுத்துருவின் பழமை, முன்னுரையில் வரும் ஆட்கள் ஆகியவற்றைக் கொண்டு உறுதி செய்ய வேண்டும். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால் தையும் மாசியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும்; 1927-இல் பிறந்த பிரபவ ஆண்டின் தை என்பது 1928 சனவரி. ஓராண்டு தள்ளிப்போனால் உரிமைக் கணக்கும் ஓராண்டு தள்ளிப்போகும்.

மறைந்த ஆண்டைத் தேடுவதற்கு இதழ்களின் இரங்கல் குறிப்புகள், நூற்றாண்டு மலர்கள், அந்த ஆசிரியரின் பிற்காலப் பதிப்புகளில் வரும் வாழ்க்கைக் குறிப்பு, மறுபதிப்பு முன்னுரைகள் உதவும். யாழ்ப்பாணத்து எழுத்தாளர் என்றால் முப்பத்தோராம் நாள் நினைவாக அச்சிட்ட கல்வெட்டு நூல்களைத் தேடுங்கள். பிறப்பு, இறப்பு, குடும்ப வழி எல்லாம் அதில் கிடைக்கும். பெண் எழுத்தாளர்கள் விஷயத்தில்தான் கை தளர்ந்துபோகிறது. கணவர் பெயரை முன்னொட்டாகக் கொண்டு "திருமதி இன்னார்" என்று அச்சான பெயருக்குப் பின்னால் இருப்பவர் யாரென்று எந்தப் பதிவிலும் இருக்காது. ஊரையும் பதிப்பகத்தையும் வைத்துக் குடும்பத்தைத் தேடிப் போவதற்கு மாற்று இல்லை. அந்த உழைப்பு வீண் போகாது. பெயரே தொலைந்துபோன ஒருவர் மீண்டும் நூற்பட்டியலில் ஏறுகிறார்.

ஒரே நூலுக்குள் பல உரிமைகள்

திருக்குறளுக்கு யாரும் உரிமை கோர முடியாது. பரிமேலழகர் உரைக்கும் அப்படியே. ஆனால் 1960-களில் ஒரு பேராசிரியர் எழுதிய எளிய உரை அவருடையது. சங்க நூலின் பழைய பதிப்பில் மூலம் பொதுச்சொத்தாக இருக்கும். பதிப்பாசிரியர் எழுதிய ஆராய்ச்சி முன்னுரை, அரும்பதக் குறிப்பு, பாடவேறுபாட்டுத் தேர்வு ஆகியவற்றில் அவருடைய அறிவும் முடிவும் இருக்கின்றன. நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் ஈஸ்டர்ன் புக் கம்பெனியின் வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலைத்தான் வைத்தது. தீர்ப்பின் மூலவாசகம் பொது. பதிப்பித்தவர் தம் திறனும் முடிவும் கொண்டு சேர்த்த பகுதிகளுக்கு மட்டும் உரிமை. உழைப்பும் செலவும் மட்டும் போதாது, கொஞ்சமாவது படைப்பு இருக்க வேண்டும். இதே அளவுகோலில், பொது நூலை அப்படியே ஸ்கேன் செய்தவருக்குப் புதிய உரிமை எதுவும் பிறக்காது. ஸ்கேன் செய்த நிறுவனம் பக்கத்துக்குப் பக்கம் நீர்முத்திரை போட்டுப் "பதிப்புரிமை எங்களுடையது" என்று எழுதினாலும் நூலின் நிலை மாறாது.

வார இதழ்த் தொடர்களில் கதை பொதுவாகி, ஓவியம் பொதுவாகாமல் இருப்பது சாதாரணம். அப்போது எழுத்தை மட்டும் தட்டச்சிட்டு ஏற்றி, பக்கப் படங்களை நிறுத்திவைப்போம். முன்னுரை ஒன்றுக்கு மட்டும் காலம் முடியவில்லை என்றால் அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு, எடுத்த விவரத்தை விவரப்பக்கத்தில் எழுதிவிடுகிறோம். முழு நூலையும் ஒதுக்கிவிடத் தேவையில்லை.

நாட்டுடைமை

தமிழ்நாட்டுக்கு வாய்த்த பெரிய கொடை இது. பாரதியின் எழுத்துரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-இல் கையகப்படுத்தி, பின்னர் மக்களுக்கு விட்டது. அதன் தொடர்ச்சியாக நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை, மரபுரிமையருக்குத் தொகை கொடுத்து மாநில அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. அறுபது ஆண்டு முடியும்வரை காத்திராமல் யாரும் அச்சிடலாம், மின்னூலாக்கலாம், ஒலிநூலாக்கலாம். தமிழில் கட்டற்ற மின்னூல்கள் இவ்வளவு கிடைப்பதற்கு இந்த ஆணைகளே பெரிய காரணம்.

அரசாணையைப் படிக்காமல் பட்டியலில் பெயரை மட்டும் பார்த்து எடுப்பதால் சிக்கல் வருகிறது. ஆணை அந்த எழுத்தாளருக்குச் சொந்தமானதை மட்டுமே விடுவிக்கும். அவர் வேறொருவர் நாவலை மொழிபெயர்த்திருந்தால், மூல ஆசிரியரின் உரிமை அந்த மொழிபெயர்ப்புக்குள் தொடரும். அவர் கதைகளைப் பிற்காலத்தில் ஒரு பதிப்பாசிரியர் காலவரிசைப்படுத்தி, பின்னிணைப்பும் குறிப்பும் சேர்த்துச் செம்பதிப்பாக வெளியிட்டிருந்தால் அந்தச் சேர்க்கைகள் நாட்டுடைமை ஆகா. அதனால் முடிந்தவரை ஆசிரியர் காலத்துப் பதிப்பையே ஸ்கேன் செய்யுங்கள். பாடமும் அதில்தான் ஒழுங்காக இருக்கும்.

எந்த நாட்டின் கணக்கு

இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி வாழ்நாளும் 70 ஆண்டும். சிங்கப்பூரிலும் 70. மலேசியாவில் 50. இந்தியாவில் வெளிநாட்டு நூலுக்கு அதன் சொந்த நாட்டுக் காலத்தைவிட நீண்ட பாதுகாப்பு கிடையாது. ஆனால் கோப்பு வேறு நாட்டுச் சேமிப்பகத்தில் இருந்தால் அந்த நாட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். இலங்கை எழுத்தாளர் நூலுக்கு 70 ஆண்டையே எண்ணுங்கள்.

அமெரிக்காவில் இயங்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுவோர் அமெரிக்கக் கணக்கில் தடுக்கி விழுகிறார்கள். 1996 சனவரி 1 அன்று இந்தியாவில் உரிமை உயிரோடு இருந்த நூல்களுக்கு அமெரிக்கா தன் நாட்டிலும் பாதுகாப்பு கொடுத்தது. அது வெளியீட்டு ஆண்டிலிருந்து 95 ஆண்டு. இந்தியாவில் 50 ஆண்டாக இருந்த காலம் 1991 இறுதியில் 60 ஆனதால், கோடு 1941-இல் விழுகிறது. 1940 அல்லது அதற்கு முன் மறைந்தவர் என்றால் கவலை இல்லை. 1942-இல் மறைந்த உ.வே.சாமிநாதையர் இந்தியச் சட்டப்படி 2003 முதல் பொது. ஆனால் 2026-இல் நின்று அமெரிக்கக் கணக்கைப் பார்த்தால் 1930 வரை வெளியான அவர் எழுத்துகளே தெளிவாகப் பொதுவில் வருகின்றன. அதன் பின் வந்தவை ஆண்டுக்கு ஆண்டாகத்தான் சேரும். இப்படிப்பட்ட நூல்களுக்கு இந்தியாவில் உள்ள சேமிப்பகமே ஏற்றது.

உரிமை முடியாத நூல்களுக்கு

மரபுரிமையரைக் கண்டுபிடித்துக் கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறார்கள். வாய்மொழி போதாது, கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தில் விடுபடும் மூன்று சொற்கள் பின்னால் பெரும் தொல்லை தரும். காலம் எழுதாவிட்டால் அனுமதி ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று சட்டம் கொள்ளும். பரப்பு எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். இணையத்துக்கு அது பயன்படாது. ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்ற விதியும் உண்டு, வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய. ஆகவே "பதிப்புரிமைக் காலம் முடியும் வரை, உலகம் முழுவதும், ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் செல்லும்" என்று கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். நூல்களைப் பெயர் பெயராகக் குறிப்பிடுங்கள். பிள்ளைகள் நால்வர் இருந்தால் நால்வர் கையெழுத்தும் வேண்டும்; ஒருவர் மட்டும் போட்டுக் கொடுத்த அனுமதி, பங்காளிகளுக்குள் மனக்கசப்பு வரும் நாளில் செல்லாமல் போகும்.

பதிப்பகம் "உரிமை எங்களிடம்" என்று சொன்னால் ஒப்பந்தத்தைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். பழைய ஒப்பந்தங்களில் காலம் எழுதப்படாமல் இருந்து, உரிமை குடும்பத்துக்கே திரும்பியிருக்க வாய்ப்பு உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு செய்த ஒப்பந்தமானால், அப்போது புழக்கத்தில் இல்லாத ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால்தான் அந்த ஊடக உரிமை போய்ச் சேரும்.

உயிரோடு உள்ள எழுத்தாளரிடம், நூலை யாரும் பகிரலாம் என்று அவரே முன்கூட்டி அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை விளக்கும்போது, "வணிக நோக்கமற்ற" என்ற நிபந்தனையைச் சேர்த்தால் விக்கிமூலத்தில் அந்த நூல் ஏறாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். தெரியாமல் கையெழுத்திட வைப்பது தவறு.

உரிமையாளர் யாரென்றே தெரியாத நூலுக்குச் சட்டத்தின் 31ஏ பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. நாடெங்கும் விற்கும் ஆங்கில நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, விண்ணப்பித்து, நிர்ணயிக்கும் தொகையைச் செலுத்தி உரிமம் பெறலாம். விண்ணப்பத்தை விசாரிக்கும் அதிகாரம் 2021-இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்ட பிறகு நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அரையணாப் பாட்டுப் புத்தகத்துக்காகச் சிறு குழு ஒன்று இந்தச் செலவைத் தாங்காது. இந்த வழியை எளிமையாக்கும்படி அரசிடம் நூலகங்கள் சேர்ந்து கேட்க வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

நூலகமாக இயங்குவோருக்கு வேறு இரண்டு சலுகைகள் உண்டு. வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் அச்சுப் பிரதி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ளலாம். இந்தியாவில் விற்பனையில் கிடைக்காத நூலை நூலகப் பயன்பாட்டுக்கு மூன்று பிரதிவரை எடுக்கலாம். இணையத்தில் போடுவதற்கு இவை இடம் தரா. ஆனாலும் பொடிந்துகொண்டிருக்கும் நூலைக் காப்பாற்றி வைக்க இதுவே போதும். உரிமை முடியும் நாளில் கோப்பைத் திறந்துவிடலாம்.

பார்வையற்றோருக்கான வடிவம் இவை எல்லாவற்றையும்விட விரிந்த வாசல். 2012 திருத்தம், எந்த நூலையும் மாற்றுத்திறனாளிகள் அணுகும் வடிவில் ஆக்கி அவர்களுக்குத் தர அனுமதிக்கிறது. இலாபம் கூடாது, வடிவம் அவர்களைத் தாண்டிப் போகக் கூடாது என்பவை நிபந்தனைகள். பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-இல் முதலில் ஏற்ற நாடு இந்தியா. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா அதற்காக உள்ள நாடளாவிய மின்னூலகம். தமிழில் இதற்குத் தடையாக நிற்பது தொழில்நுட்பம். ஸ்கேன் பட பிடிஎஃபைத் திரைவாசிப்பான் வாசிக்காது. பாமினி, டேப் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே ஆங்கில எழுத்துக் குப்பையாக இருக்கும்; செயலி அதைத்தான் உரக்கப் படிக்கும். யூனிகோடுக்கு மாற்றி இபப் (EPUB) மின்னூல் கோப்பாகத் தந்தால்தான் அவர்களுக்கு நூல் கிடைத்ததாகும்.

ஸ்கேன்

கிரவுன், டெம்மி அளவு நூல்களுக்கு 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) போதும். சிறிய எழுத்து அடிக்குறிப்பு நிறைந்த நூலுக்கு 600. ஏறக்குறைய ஏ5 அளவுப் பக்கம் ஒன்று 400 டிபிஐ வண்ணத்தில், சுருக்கப்படாத டிஃப் கோப்பாக 23 எம்பி வரும். 200 பக்க நூலுக்கு நாலரை ஜிபி ஒதுக்க வேண்டும். இந்த மூலக் கோப்பில் எந்தத் திருத்தமும் செய்யக் கூடாது. இரண்டு இடங்களில், ஒன்று வேறு கட்டடத்தில், கோப்பு சிதையவில்லை என்று சோதிக்க உதவும் சரிபார்ப்புத் தொகையோடு (checksum) வைக்கப்பட வேண்டும். வாசகருக்குப் போகும் பிடிஎஃப் அதிலிருந்து தனியாக உருவாகும்.

தட்டைப்படுகை ஸ்கேனரில் தைத்த நூலைக் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும். முதுகை வெட்டிப் பிரித்து ஸ்கேன் செய்வதை நாங்கள் ஏற்பதில்லை. 100 பாகை அளவு மட்டும் திறக்கும் வி வடிவத் தாங்கியும் மேலே கேமராவும் வைத்தால் நூலுக்குச் சேதமில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு படம் என்றால் 12 மெகாபிக்சல் கேமராவே போதுமானது. விளக்குகள் இரண்டு பக்கமும் 45 பாகையில். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தால், எடுக்கும் தாளுக்குப் பின்னால் கறுப்புத் தாள் ஒன்றைச் செருகுங்கள். பெரிய மாற்றம் தெரியும். பழைய இதழ்களின் துருப்பிடித்த கம்பிப் பின்னை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி எடுத்துவிட வேண்டும், இழுத்தால் தாள் கிழியும். வெற்றுப் பக்கம், விளம்பரம், விலை விவரப் பட்டியல், பின்னட்டை எல்லாவற்றையும் எடுங்கள். பதிப்பகத்தின் வரலாறு பெரும்பாலும் பின்னட்டை விளம்பரத்தில்தான் இருக்கிறது.

கறுப்பு வெள்ளை இருநிறத்தில் ஸ்கேன் செய்யக் கூடாது என்பதை எவ்வளவு அழுத்தினாலும் தகும். தமிழின் உயிர் புள்ளியில் இருக்கிறது. பழைய ஈய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மிகச் சிறியது, மை குறைந்து மங்கியிருக்கும். இருநிறமாக்கும்போது அது வெள்ளையோடு கலந்துபோய் "க்" "க" ஆகிவிடும். கோப்பைத் துப்புரவாக்கும் மென்பொருளில் "கறை நீக்கம்" என்ற வசதியை ஓட்டினால், தூசியோடு சேர்த்துப் புள்ளிகளையும் துடைத்துவிடும். எதிர்மாறாக, தாளின் பூஞ்சைப் புள்ளி ஒரு உயிர்மெய்யின் தலையில் விழுந்தால் மெய்யாகப் படிக்கப்படும். அதனால் மூலக் கோப்பு வண்ணத்தில், கறை நீக்கம் அணைக்கப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். வண்ணத்தில் பூஞ்சை பழுப்பாகவும் புள்ளி கறுப்பாகவும் தனித்துத் தெரியும்.

எழுத்துணரியும் மெய்ப்பும்

எழுத்துணரி என்பது பக்கப் படத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் மென்பொருள். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி டாக்ஸாகத் திறந்தாலும், டெசராக்ட் என்ற மென்பொருளில் தமிழ்த் தரவுக் கோப்பைச் சேர்த்து ஓட்டினாலும், தெளிவான அச்சுக்கு நல்ல விளைவு கிடைக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் தடுமாற்றம் தொடங்கும். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகிய 13 எழுத்துகளும் அப்போது வேறு வடிவில் இருந்தன. துதிக்கை போன்ற ஐகாரக் கொம்பை எழுத்துணரி வேறு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அதே பிழை நூல் முழுக்க ஒரே மாதிரி வருவதால், முதல் 20 பக்கத்தைக் கையால் திருத்தி, பிழைகளைப் பட்டியலாக்கி, மீதிக்கு ஒட்டுமொத்தத் தேடல்–மாற்றுதலில் திருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் சோதித்த பிறகே முழுவதும் ஓட்ட வேண்டும்.

தமிழ் எண்கள் அடுத்த கண்ணி. ௧ என்பதைக் "க" என்றும், ௨-ஐ "உ" என்றும், ௪-ஐ "ச" என்றும், ௭-ஐ "எ" என்றும், ௮-ஐ "அ" என்றும் எழுத்துணரி எழுதிவிடும். பாட்டு எண்ணாகவும் பக்க எண்ணாகவும் வரும் இவற்றைக் கண்ணால்தான் பிடிக்க முடியும். ௰, ௱, ௲ என்ற பத்து, நூறு, ஆயிரக் குறிகளும், வருடம், மாதம், நாள் குறிக்கும் ௵, ௴, ௳ ஆகியனவும் யூனிகோடில் உள்ளன. இருப்பதை விட்டுவிட்டு வேறு சொல்லால் நிரப்பாதீர்கள். துணைக்காலும் "ர" எழுத்தும், "ஔ" எழுத்தும் "ஒள" என்ற இரண்டெழுத்தும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும், தேடினால் கிடைக்காது. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டி உருவாக்கிய "கொ"வும் இப்படித்தான். இறுதியில் யூனிகோடு இயல்பாக்கத்தை ஒருமுறை ஓட்டினால் கடைசி வகை சரியாகும். முதல் இரண்டையும் தேடித் திருத்த வேண்டும்.

இரண்டு பத்தி அமைப்புள்ள இதழ்ப் பக்கத்தை அப்படியே கொடுத்தால் இரு பத்தியின் வரிகளும் கலந்து வரும். பத்தியைத் தனித்தனிப் படமாக வெட்டிக் கொடுங்கள். சந்தி பிரிப்பதும், பழைய எழுத்துக்கூட்டலை இன்றையதாக மாற்றுவதும், இன்று பொருந்தாது என்று தோன்றும் சொல்லை நீக்குவதும் மெய்ப்பு பார்ப்பவரின் வேலை இல்லை. ஆசிரியரின் நற்பெயரைக் குலைக்கும் சிதைப்பை எதிர்க்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது.

பாட்டும் குரலும்

இசைத்தட்டில் உரிமை அடுக்கடுக்காக இருக்கும். ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு. 1965-க்குள் வந்த தட்டு 2026-இல் அந்த வகையில் பொது. ஆனால் பாடலுக்கும் மெட்டுக்கும் தனிக் கணக்கு. பாபநாசம் சிவன் 1973-இல் மறைந்தார் என்பதால் அவர் இயற்றியவற்றுக்கு 2033 இறுதிவரை உரிமை உண்டு, தட்டு 1940-களில் வந்திருந்தாலும். அருணகிரிநாதர் திருப்புகழோ தியாகராசர் கீர்த்தனையோ என்றால் இந்தத் தடை இல்லை. பழைய அரக்குத் தட்டுக்கு அகன்ற முனை ஊசி வேண்டும், பிற்கால வினைல் ஊசி பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலை மட்டுமே எடுக்கும். மூலப் பதிவில் இரைச்சல் நீக்கம் வேண்டாம்.

தெருக்கூத்து, ஒப்பாரி, நடவுப் பாட்டு போன்றவற்றுக்கு எழுதியவர் யாரும் இல்லை. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு இருக்கிறது. சட்டத்தைத் தாண்டியும் கேட்க வேண்டியவை உண்டு. பதிவின் தொடக்கத்திலேயே அவர் தம் குரலில் பெயர், ஊர், எதற்காகப் பாடுகிறார், இணையத்தில் போடலாமா என்பதைச் சொல்லும்படி கேளுங்கள். ஒப்பாரியில் இறந்தவர் பெயரும் குடும்பச் சண்டையும் வரும். அதைப் பொதுவில் வைக்க வேண்டாம் என்று சொல்லும் பெண்கள் பலர். சாமியாடும்போது மட்டும் பாடும் பாட்டை வெளியே ஒலிக்கக் கூடாது என்று சொல்லும் ஊரும் உண்டு. அவற்றை மூடிய தொகுப்பில், பாடியவர் சொன்ன நிபந்தனையோடு வைக்கிறோம். பதிவின் ஒரு பிரதி அவர் குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஏற்றிய பின்

ஒவ்வொரு நூலின் விவரப்பக்கத்திலும் உரிமை நிலை எப்படி முடிவானது என்பதை எழுதுங்கள்: "ஆசிரியர் மறைவு 1950, ஆதாரம் இன்ன இதழின் இரங்கல் குறிப்பு, இந்தியாவில் 2011 முதல் பொது" என்ற அளவில் போதும். நாட்டுடைமை என்றால் அரசாணை எண்ணும் நாளும். அனுமதி என்றால் கடிதத்தின் ஸ்கேன், முகவரியை மறைத்து.

நீக்கக் கோரிக்கை வந்தால் பதறிப்போய்க் கோப்பை அழித்துவிட வேண்டாம். 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, எழுத்துமூலப் புகார் வந்த 36 மணி நேரத்துக்குள் சேமிப்பகம் அந்தக் கோப்பை மறைத்து வைக்க வேண்டும். புகார் செய்தவர் 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். அந்த 21 நாளில் பெயர்ப் பட்டியலையும் ஆதாரங்களையும் சேர்த்து விளக்கக் கடிதம் அனுப்புங்கள். மறைந்த ஆண்டுக்கான சான்றைக் கண்டதும் பலர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். சிலர் தம் வீட்டில் இருக்கும் மற்ற நூல்களையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.